கண்டி அரச குடும்பத்தின் இறுதி ஆண்டுகள்

முடியாட்சிகள் வீழ்ந்த கதையை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் போர்க்களத்தோடும் உடன்படிக்கையோடும் முடித்துவிடுகின்றன. பழைய கொடி இறக்கப்பட்டது, புதிய கொடி ஏற்றப்பட்டது என்று எழுதியதும் ஆசிரியர் அடுத்த அதிகாரத்துக்குச் சென்றுவிடுவர். முடியிழந்த மன்னன் அதன் பின்னரும் பல்லாண்டு உயிர்வாழ்ந்தான் என்பதும், அவனைச் சூழ மனைவியரும் மக்களும் சுற்றத்தாரும் இருந்தனர் என்பதும் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவதில்லை. ஆயினும், வீழ்ந்த அரசின் இயல்பு யாது, வென்றவர் எதற்கு அஞ்சினர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண விரும்புவோர்க்கு அவ்விறுதி ஆண்டுகளைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இவ்வுண்மைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ருஷ்ய அரச குடும்பத்தின் முடிவாகும். 1613ஆம் ஆண்டு முதல் ருஷ்யப் பெருநாட்டை ஆண்டுவந்த ரோமனோவ் மரபின் கடைசி மன்னன் இரண்டாம் நிக்கொலஸ், 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம் முடிதுறந்தான். முதலில் தன் அரண்மனையிலும், பின்னர் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் நகரிலும், ஈற்றில் ஊரல் மலைப் பகுதியிலுள்ள எக்கத்தரீன்பேர்க் நகரிலும் அவன் குடும்பத்தோடு சிறை வைக்கப்பட்டான். 1918ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில், மன்னனும் அரசியும் நான்கு பெண்மக்களும் நோயாளியான ஒரே மகனும் பணியாளர் நால்வரும் ஆகப் பதினொருவர் ஒரு வீட்டின் கீழறையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்தம் எலும்புகள் 1991ஆம் ஆண்டிலேயே தோண்டியெடுக்கப்பட்டன. 1998ஆம் ஆண்டிலேயே அரச மரியாதையோடு அடக்கஞ் செய்யப்பட்டன. அப்போதும் இரு பிள்ளைகளின் எச்சங்கள் கிடைத்தில. அவை 2007ஆம் ஆண்டிலேதான் கண்டெடுக்கப்பட்டன.

ருஷ்யாவில் இந்நிகழ்ச்சி நடைபெறுவதற்கு நூற்று மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், இலங்கையில் ஓர் அரச குடும்பம் சிறைப்பட்டது. அது கொல்லப்படவில்லை, கடல் கடத்தப்பட்டது. அக்குடும்பத்தார் பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று. அவர்கள் கடைசியாக இலங்கை மண்ணை மிதித்த இடம் கொழும்பு. எனினும், ருஷ்ய மன்னன் குடும்பத்தைப் பற்றி அறிந்தவருள்ளும் பலர் இக்குடும்பத்தின் இறுதியைப் பற்றி அறியார்.

மதுரையிலிருந்து வந்த மரபு

கண்டி மன்னர்கள் நெடுங்காலமாகத் தென்னிந்தியாவிலிருந்து, சிறப்பாக மதுரை நாயக்கர் குலத்திலிருந்து, அரசியரை வருவித்து மணம்புரிந்து வந்தனர். 1739ஆம் ஆண்டில் வீர நரேந்திரசிங்கன் அரசுரிமைக்குரிய மகனின்றி இறந்தபோது, அவன் தேவியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு அரசேறினான். அன்று தொடங்கிய நாயக்கர் ஆட்சி நான்கு மன்னரோடு எழுபத்தாறு ஆண்டுகள் நிலைத்தது. பிறப்பால் அவர்கள் இந்து சமயத்தினர். ஆயினும் முடிசூடியபின் பௌத்தத்தின் காவலராயினர். இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753ஆம் ஆண்டில், சீயம் தேசத்திலிருந்து உபாலி தேரர் முதலிய பிக்குகள் வரவழைக்கப்பட்டு, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதைச் சடங்கு மீண்டும் நிறுவப்பட்டது. இலங்கைப் பௌத்த சங்கத்தின் மறுமலர்ச்சிக்கு மதுரைக் குலத்து மன்னனொருவன் துணைநின்றான் என்பது பின்வரும் நிகழ்ச்சிகளை எடைபோடும்போது மறக்கற்பாலதன்று.

நான்காமவனே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்பது அவன் இளமைப் பெயர். 1798ஆம் ஆண்டில் இராஜாதி ராஜசிங்கன் இறந்ததும், முதன் மந்திரியாகிய பிலிமத்தலாவை அதிகாரம் பதினெட்டே வயதான அவனை அரியணையில் ஏற்றினான். முத்துசாமி என்னும் நெருங்கிய உறவினன் இருக்க, இவ்விளைஞனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், தன் சொற்படி நடப்பான் என்னும் நம்பிக்கையேயாம். அந்நம்பிக்கை பொய்த்தது. இளைஞன் மன்னனாகவே இருக்க விரும்பினான். மந்திரி ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் என்பவனோடு மறைவாகப் பேசினான். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்து முத்துசாமிக்கு முடிசூட்டியது. நோயாலும் உணவின்மையாலும் நலிந்த அப்படை மகாவலி கங்கைக் கரையில் அழிந்தது; முத்துசாமியும் கொலையுண்டான். பிலிமத்தலாவையும் சில ஆண்டுகளின் பின் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுத் தலையிழந்தான்.

மன்னன் நன்மையே செய்தான் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். கண்டி நகரின் அழகுக்கு இன்றும் காரணமாயுள்ள ஏரியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்தன. ஆயின், ஏரி வெட்டுதற்குக் குடிகள் கட்டாய ஊழியஞ் செய்யவேண்டியதாயிற்று. 1814ஆம் ஆண்டில் சப்பிரகமுவைத் திசாவையாகிய எகெலப்பொலை கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபோது, பிணையாகக் கண்டியில் இருந்த அவன் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். துரோகியின் குடும்பமும் தண்டனைக்குரியது என்னும் பழைய வழக்கத்தை மன்னன் பின்பற்றினான் எனலாம். ஆயினும் அச்செயல் மக்கள் மனத்தில் ஆறாப் புண்ணாயிற்று. பெற்றோர் குற்றத்துக்காகப் பிள்ளைகள் மாய்ந்தமை எக்கத்தரீன்பேர்க்கில் மட்டும் நிகழ்ந்ததன்று. கண்டியில் அதைச் செய்தவன், பின்னர்த் தன் குடும்பத்தோடு சிறைசென்ற அம்மன்னனேயாவன்.

சிறைப்பட்ட நாள்

வணிகர் சிலரை ஒற்றர் எனக் கருதி மன்னன் உறுப்பறுத்தனுப்பிய நிகழ்ச்சி போருக்கு வாய்ப்பாயமைந்தது. தேசாதிபதி பிரவுன்றிக் 1815ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் போர்ப் பிரகடனம் செய்தான். ஜோன் டொயிலி என்னும் சிங்களம் வல்ல அதிகாரி பல ஆண்டுகளாக ஒற்றர் வாயிலாகவும் கடிதங்கள் வாயிலாகவும் கண்டிப் பிரதானிகளின் மனத்தை மாற்றி வைத்திருந்தமையால், பெரும்போர் எதுவும் நிகழவில்லை. பெப்ரவரி நடுப்பகுதியில் ஆங்கிலப் படை வெறுமையான நகரினுள் புகுந்தது.

மன்னன் தும்பறைப் பகுதியிலுள்ள மெதமகாநுவரைப் பக்கம் சென்று, ஒரு சிற்றூர் வீட்டில் இரு தேவியரோடு மறைந்திருந்தான். பெப்ரவரி 18ஆம் நாள் அவனைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயரல்லர். எகெலப்பொலையின் பக்கத்தைச் சேர்ந்த எக்னலிகொடை என்பானின் ஆட்களே. அவர்கள் மன்னனைக் கொடிகளாற் கட்டி இழுத்தனர். தேவியர் அணிந்திருந்த அணிகளைப் பறித்தனர். மொழிபெயர்ப்பாளனாக உடனிருந்த வில்லியம் ஏட்றியன் டயஸ் பண்டாரநாயக்க இக்காட்சியைக் கண்டு எழுதிவைத்துள்ளான். பின்னர் டொயிலியின் ஏற்பாட்டால் அரச குடும்பத்துக்குப் பல்லக்கும் காவலும் கிடைத்தன. தன் குடிகளிடமிருந்து தன்னைக் காக்கப் பகைவனின் காவலே வேண்டிய நிலைமை முடியிழந்த மன்னர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பதொன்று. நிக்கொலஸ் மன்னனும் அதனை அனுபவித்தான்.

மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை படிக்கப்பட்டது. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்துக்குக் காப்பளித்தது. அதுவே அடிக்கடி எடுத்துரைக்கப்படுவது. மூன்றாம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மன்னனுக்கு இரத்தத்தாலோ மணத்தாலோ உறவினரான, அன்றி உறவினரென்று சொல்லிக்கொள்ளும், ஆண்மக்கள் அனைவரும் கண்டி மாகாணங்களின் அரசாங்கத்துக்குப் பகைவர் என அப்பிரிவு அறிவித்தது. எழுத்துமூலமான அனுமதியின்றி அவர்கள் அம்மாகாணங்களில் காலடி வைத்தால் இராணுவச் சட்டத்தின் தண்டனைக்கு ஆளாவர். வெளியேற்றப்பட்ட 'மலபார்' இனத்து ஆண்மக்களும் திரும்பி வருதல் கூடாது. மலபார் என்னும் சொல்லால் ஆங்கிலேயர் அக்காலத்தில் தமிழரையும் அவரையொத்த தென்னிந்தியரையும் சுட்டினர். செய்த குற்றம் இதுவெனக் கூறாது, பிறந்த குலத்தையே குற்றமாக்கிய சட்டம் இது. வியப்புக்குரியது யாதெனில், இவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட கண்டிப் பிரதானிகளுட் சிலர் தம் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியமையேயாம். அந்நியன் என்று மன்னனை விலக்கியவர் கையாண்ட எழுத்து அவ்வந்நியனின் அவையில் வழங்கிய எழுத்தாயிருந்தது.

ருஷ்யாவிலும் இதனையொத்த பழியொன்று எழுந்தது. அலெக்சாந்திரா அரசி ஜெர்மானிய நாட்டிற் பிறந்தவள். 1914ஆம் ஆண்டில் மூண்ட பெரும்போரின் தோல்விகளுக்குக் காரணம் தேடியோர், 'ஜெர்மானியப் பெண்' என்று அவளைச் சுட்டினர். ஓர் அரசு தளரும்போது, அதன் பிழைகளை ஆராய்வதினும் அரசரின் பிறப்பிடத்தை ஆராய்வது எளிது. கண்டியில் நாயக்கரைத் தேடிச் சென்று முடிசூட்டியவரும் பிரதானிகளே. அவர் அந்நியர் என்று கண்டுபிடித்தவரும் பிரதானிகளே.

கொழும்பிற் கழிந்த பத்து மாதம்

1815ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மன்னனும் குடும்பத்தாரும் கொழும்பு வந்து சேர்ந்தனர். கொழும்புக் கோட்டையில் சிலிங்கோ மாளிகையின் அருகே சிறு மாடம் ஒன்று உளது. அதுவே கண்டி மன்னன் அடைக்கப்பட்ட சிறை என மக்கள் வழங்குவர். அவ்வாறு கூறும் கல்வெட்டுப் பலகையும் அங்கே பதிக்கப்பட்டுள்ளது. ஆயின், ஒரு மனிதன் காலை நீட்டிப் படுத்தற்கும் போதாத அம்மாடத்தில் தேவியரும் சுற்றத்தாரும் பத்து மாதம் இருந்தனர் எனல் பொருந்தாது. மன்னனுக்குக் கோட்டையினுள் விசாலமான வீடொன்று ஒதுக்கப்பட்டது என்று அக்காலத்தவர் எழுதியுள்ளனர். எனவே அம்மாடம் காவலன் நின்ற இடமாகலாம் என்னும் கருத்தே வலிமையுடையது. சிறையின் கொடுமை அறையின் அளவில் இல்லை. சுவர் சூழ்ந்த வீட்டினுள், மீண்டும் மலைநாட்டைக் காண்போமா என்றறியாது கழித்த நாட்களே சிறையாயின.

அவர்களைக் கொழும்பில் நிலையாக வைத்திருக்க அரசாங்கம் அஞ்சியது. மன்னன் இலங்கையில் உள்ளவரை மலைநாட்டில் அவன் பெயர் வாழும். பெயர் வாழுமிடத்தில் கிளர்ச்சி தோன்றலாம். ஆகவே 1816ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் மன்னனும் தாயாரும் தேவியரும் உறவினரும் பணியாளரும் 'கோண்வாலிஸ்' என்னும் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டனர். கிரான்வில் என்னும் அதிகாரி உடன் சென்று, பயணத்தில் நிகழ்ந்தவற்றை நாட்குறிப்பாக எழுதினான். சென்னையை அடைய ஏறத்தாழ ஒரு மாதஞ் சென்றது. கப்பல் ஏறியபோது மன்னனுக்கு முப்பத்தாறு வயது. அதன்பின் அவன் இலங்கையைக் காணவில்லை.

வேலூர்க் கோட்டை

சென்னையிலிருந்து அவர்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விஜயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்த அக்கோட்டையின் அகழியும் சலகண்டேசுவரர் ஆலயமும் புகழ்பெற்றவை. ஆங்கிலேயர் அதனை முடியிழந்த அரச குடும்பங்களின் உறைவிடமாக்கினர். 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவன் மக்களும் மகளிரும் அங்கே வைக்கப்பட்டனர். 1806ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள், தலைப்பாகை, தாடி, சமயக்குறி ஆகியவை பற்றிய புதிய விதிகளை வெறுத்த சிப்பாய்கள் கோட்டையினுள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டபின் திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஓர் அரச குடும்பம் சென்றபின் பத்து ஆண்டுகளில் மற்றோர் அரச குடும்பம் வந்தது. இன்றும் அங்கே 'கண்டி மகால்' என்னும் பெயரோடு ஒரு கட்டடம் உளது.

பதினாறு ஆண்டுகள் மன்னன் அங்கே வாழ்ந்தான். பகையின்றி, போரின்றி, அரசாங்கம் அளித்த உதவிப் பணத்தில் குடும்பத்தோடு காலங் கழித்தான். ஒரு வகையில் இது அவன் முன்னோர் புறப்பட்ட தமிழகத்துக்கே மீண்டமையாகும். ஆனால், பதினெட்டு வயது முதல் கண்டியில் அரசனாக வாழ்ந்தவனுக்கு எந்நாடு தாய்நாடு? இலங்கையில் மதுரைக்காரன் என்று விலக்கப்பட்டவன், வேலூரில் கண்டி ராஜா என்று அழைக்கப்பட்டான். 1832ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவன் உயிர் நீத்தது. அப்போது அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பாலாற்றங்கரையில் அவன் உடல் தகனஞ் செய்யப்பட்டது. சிறையிற் பிறந்த அவன் மகன் 1843ஆம் ஆண்டில் சந்ததியின்றி இறந்தான். எனைய உறவினரின் வழிவந்தோர் தமிழகத்திலேயே தங்கினர்.

பெயருக்கு அஞ்சிய ஆட்சி

மன்னனை அனுப்பியதால் மலைநாடு அமைதியுற்றதா? இல்லை. உடன்படிக்கை எழுதி மூன்றாண்டு நிரம்புமுன், 1817ஆம் ஆண்டில், ஊவாவில் பெருங் கிளர்ச்சி மூண்டது. அதற்குத் தலைவனாகத் தோன்றியவன் வில்பாவை என்னும் முன்னாட் பிக்கு. அவன் தன்னைத் துரைசாமி என்று அறிவித்தான். துரைசாமி நாயக்கர் குலத்து அரச உறவினன் ஒருவனின் பெயராகும். அந்நியர் என்று விலக்கப்பட்ட குலத்தின் பெயரையே தாங்கினால்தான் மக்கள் எழுவர் என அக்கிளர்ச்சியாளன் கருதினான் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலையும் அவனோடு சேர்ந்தான். 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தலை துணிக்கப்பட்டான். 1848ஆம் ஆண்டில் தம்புள்ளையில் மற்றொருவன் அரச வழித்தோன்றல் எனக் கூறி முடிசூடினான். அவன் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான்.

ருஷ்யாவிலும் இளவரசர் என்றும் இளவரசி என்றும் கூறி வந்தோர் பலர். அனஸ்தாசியா என்று தன்னைக் கூறிக்கொண்ட ஆனா அண்டர்சன் என்பவளே அவர்களுட் பெயர்பெற்றவள். அவள் இறந்து பத்தாண்டின் பின், 1994ஆம் ஆண்டில் நடைபெற்ற மரபணுச் சோதனை அவள் கூற்றைப் பொய்யாக்கியது. கொன்றாலும் கடத்தினாலும் ஒரு குடும்பத்தின் பெயரை மட்டும் சிறைவைத்தல் இயலாது என்பதை இருநாட்டு வரலாறும் ஒருபடித்தாகவே காட்டுகின்றன.

மன்னனை வீழ்த்தியவர் கதியும் எண்ணற்குரியது. எகெலப்பொலை தானே அரசனாவோம் என எதிர்பார்த்தான். ஆங்கிலேயர் அவனுக்கு அரசை அளித்திலர். 1818ஆம் ஆண்டில் ஐயத்தின்பேரிற் சிறைப்பட்ட அவன், 1825ஆம் ஆண்டில் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829ஆம் ஆண்டில் அங்கே இறந்தான். மனைவி மக்களை இழந்தவனும், அவரைக் கொல்வித்தவனும் மூன்றாண்டு இடையீட்டில் வெவ்வேறு கடல்களுக்கு அப்பால் ஒரே அரசின் கைதிகளாய் மாண்டனர்.

எஞ்சியவை

ஒல்லாந்தர் 1693ஆம் ஆண்டில் கண்டி மன்னனுக்குப் பரிசளித்த அரியணையை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1934ஆம் ஆண்டில் அது முடியோடு இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. மன்னனின் சிங்கக் கொடி செல்சி நகரத்து முதிய போர்வீரர் இல்லத்திற் கிடந்தது, ஈ. டபிள்யூ. பெரேரா அதனைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். 1948ஆம் ஆண்டில் சுதந்திர இலங்கை ஏற்றிய கொடி அதன் வழிவந்ததே. வேலூரில் மன்னன் கல்லறையைச் சூழத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1990ஆம் ஆண்டில் 'முத்து மண்டபம்' எழுப்பியது.

அரியணை கொழும்பில்; அதில் அமர்ந்தவன் பாலாற்றங்கரையில். நாட்டின் கொடியில் அவன் சிங்கம்; நாட்டின் உடன்படிக்கையில் அவன் குலத்துக்குத் தடை. இம்முரண்பாடு ஒரு மன்னனின் நல்வினை தீவினைகளால் மட்டும் விளைந்ததன்று. அவனைப் பற்றி முதலில் எழுதியவர் பெரும்பாலும் அவன் பகைவரும், அப்பகைவரின் சொற்கேட்டவருமேயாவர். இராணுவ வைத்தியனாகக் கண்டியிற் பணிபுரிந்த ஹென்றி மார்ஷல், 1846ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் நூலில் இதனை நடுநிலையோடு சுட்டிக்காட்டினான். மன்னன் கொடியவன் என்னும் தீர்ப்பு மறுக்கப்படவேண்டும் என்பதன்று இதன் கருத்து. எகெலப்பொலையின் பிள்ளைகளுக்கு நீதி வேண்டுவோர், மூன்றாம் பிரிவினால் நாடிழந்த குடும்பங்களுக்கும் அதே நீதியை வேண்டுதல் முறை என்பதே கருத்து.

கோட்டைத் தெருவில் அச்சிறு மாடத்தைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். அங்கே மன்னன் இருந்ததில்லை என்று வரலாறு கூறினும், அதனை இடித்துவிட வேண்டுவதில்லை. முடியிழந்த ஒருவனும் அவன் பெண்டிரும் பிள்ளைகளும் இந்நகரத்தின் வழியாகவே இந்நாட்டை விட்டு நீங்கினர் என்பதற்கு அதுவேனும் ஓர் அடையாளமாய் நிற்கட்டும்.